ஈயப் படிகமும் மூடிய சுரங்கமும்

வெள்ளீயம் புகாத இல்லம் நம் தோட்டங்களில் ஒன்றேனும் இராது. காலைத் தேநீருக்கு நாம் திறக்கும் பால் டின் உண்மையில் எஃகுத் தகட்டால் ஆனது. அது துருப்பிடிக்காதிருக்கும் பொருட்டு அதன்மேல் மிக மெல்லிய வெள்ளீயப் பூச்சு இடப்படுகின்றது. வானொலிப் பெட்டியின் உள்ளே கம்பிகளை ஒட்டவைக்கும் பற்றாசிலும் வெள்ளீயம் உண்டு. நம் பாட்டிமார் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த பித்தளை அண்டாக்களுக்கு ஆண்டுக்கொருமுறை ஈயம் பூசினர். இரசம் வைப்பதற்கென்றே ஈயச்சொம்பு ஒன்றைத் தனியே வைத்திருந்த குடும்பங்களும் உண்டு.

அந்த ஈயச்சொம்பைப் பற்றி ஒரு செய்தி. அதை வெறும் பாத்திரமாக அடுப்பில் ஏற்றக்கூடாது, புளிக்கரைசலை ஊற்றிய பிறகே ஏற்ற வேண்டும் என்பது பாட்டிமார் விதித்த கட்டளை. காரணம் எளியது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 பாகையை அதிகம் தாண்டாது. நீர் இல்லையேல் சொம்பு அடுப்பிலேயே உருகி ஒழுகிவிடும். பள்ளிக்கூடம் செல்லாதவர்களும் இந்த இயற்பியலை அறிந்து நடந்தனர். ஒன்று மட்டும் மறத்தலாகாது: ஈயச்சொம்பு என்பது வெள்ளீயத்தால் ஆனதாகவே இருத்தல் வேண்டும். காரீயம் கலந்த பாத்திரத்தில் புளியிட்டுச் சமைப்பது நஞ்சை வரவழைப்பதாகும்.

உலோகத்தை நாம் இவ்வாறு நன்கு அறிவோம். ஆனால் அந்த உலோகம் எந்தக் கல்லிலிருந்து வந்தது, அந்தக் கல்லைத் தந்த சுரங்கங்கள் இன்று எந்நிலையில் உள்ளன என்பதை அறிந்தோர் சிலரே. நம் நாட்டின் ஈயச் சுரங்கங்களுள் மிகப் பலவும் மூடப்பட்டுவிட்டன. அவற்றிலிருந்து எடுத்த கற்கள் சில வீடுகளின் அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் கல் அது. அதைப் பற்றிய பாடமே இக்கட்டுரை.

கல்லின் இயல்பு

வெள்ளீயத் தாதுவின் பெயர் காசிடரைட். ஈயமும் உயிர்வளியும் சேர்ந்த பொருள் அது. தூய்மையான காசிடரைட் 100 கிலோவில் 78 கிலோவுக்கு மேல் வெள்ளீயம் அடங்கியிருக்கும். நிறம் பெரும்பாலும் கரும்பழுப்பு அல்லது கறுப்பு. நல்ல படிகமாயின் அதன் முகங்கள் எண்ணெய் தடவியவைபோல் மின்னும்; மெல்லிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறமோ சிவப்போ தெரியக்கூடும்.

வகுப்பறையில் இக்கல்லை மாணவர் கையில் கொடுத்தால், அவர்கள் முதலில் வியப்பது அதன் நிறத்தையன்று, எடையையே. அதே அளவுள்ள கருங்கல்லைக் காட்டிலும் இது ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். கடினமும் மிகுதி; கத்தியின் முனை இதைக் கீறாது. மழையும் வெயிலும் இதனைக் கரைப்பதில்லை, துருப்பிடிக்கச் செய்வதுமில்லை. கனம், கடினம், கரையாமை ஆகிய இம்மூன்று குணங்களும் சேர்ந்தே நம் நாட்டின் ஈய வரலாற்றை அமைத்தன என்று கூறினால் மிகையாகாது.

படிகம் என்றால் என்ன? அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டு, அவ்வொழுங்கே வெளியிலும் சமதளமான முகங்களாகத் தோன்றும் பொருளே படிகம். கற்கண்டை நூலில் வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாகில் தடையின்றி வளர இடம் கிடைத்தால் கற்கண்டு முகங்களுடன் வளரும். இடமில்லாவிடில் கட்டியாக இறுகிவிடும். காசிடரைட்டும் அவ்வாறே. இடம் கிடைத்த பொந்துகளில் அது நான்கு பக்கமுள்ள குட்டையான தூண்போல, மேலும் கீழும் கூரைபோல் சரிந்த முகங்களுடன் வளர்கின்றது. சில வேளைகளில் இரண்டு படிகங்கள் மடக்கிய முழங்கைபோல் ஒன்றோடொன்று பிணைந்து வளர்வதும் உண்டு. அத்தகைய இரட்டைப் படிகத்தையே சேகரிப்பாளர்கள் மிகவும் போற்றுவர்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதனை அறிய ஒரு சோதனை உண்டு. ஐயத்துக்குரிய மணியை ஒரு துத்தநாகத் துண்டின்மீது வைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால், சில நிமிடங்களில் மணியின்மேல் சாம்பல் நிறமான ஈயப் படலம் படரும். துணியால் தேய்த்தால் அது வெள்ளிபோல் பளிச்சிடும். மற்றக் கருங்கற்கள் அவ்வாறு மாறா. இச்சோதனையை ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈயம்

தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்கும் தீத்திவங்சா மலைத்தொடரின் கருங்கல், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து ஆறியதாகும். அது ஆறியபோது எஞ்சிய வெந்நீர்மங்கள் பாறைப் பிளவுகளில் புகுந்து, வெண்ணிறமான குவார்ட்சையும் ஈயத் தாதுவையும் விட்டுச்சென்றன. பிறகு எண்ணற்ற ஆண்டுகள் மழை பெய்து மலை கரைந்தது. மற்றவை மண்ணாயின, காசிடரைட் மட்டும் மணியாக உதிர்ந்து ஆற்றோடு வந்தது. கனமாதலின் கடல்வரை செல்லாமல் பள்ளங்களில் தங்கியது.

கோலாலம்பூர் வட்டாரத்தில் அந்தப் பள்ளங்கள் எப்படிப்பட்டவை என்பதை அறியப் பத்துமலையை நினைவுகூர்ந்தால் போதும். பத்துமலையின் அதே வகைச் சுண்ணாம்புக்கல்தான் நகரின் பெரும்பகுதிக்கு அடியிலும் புதைந்துள்ளது. அதுவும் மேலே நாம் காணும் குன்றைப்போலவே கூர்முனைகளும் குழிகளும் குகைகளும் நிறைந்தது. அக்குழிகளே தாதுவைப் பிடித்து வைத்த பாத்திரங்கள்.

1857ஆம் ஆண்டு கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் அனுப்பினார். கோம்பாக் ஆறு கலக்கும் இடத்தில் கரையேறிய அவர்கள் காட்டு வழியே நடந்து அம்பாங் பகுதியை அடைந்தனர். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலால் 69 பேர் மாண்டனர். 18 பேரே எஞ்சினர். ஆயினும் மேலும் ஆட்கள் வந்தனர். 1859இல் அம்பாங்கின் ஈயம் முதன்முதலாக ஏற்றுமதி ஆயிற்று. அவர்கள் படகிலிருந்து இறங்கிய சேற்று மேடே பின்னர் கோலாலம்பூர் மாநகராயிற்று.

ஈயத்தைத் துறைமுகம் சேர்க்கவே 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவரை இரயில் பாதை போடப்பட்டது. 1890இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளானை அடைந்தது. இங்கேதான் நம் முன்னோர் இவ்வரலாற்றில் வருகின்றனர். சுரங்கத்தில் இறங்கியோர் பெரும்பாலும் சீனர். பாதை அமைப்பிலும் இரயில் பணியிலும் உழைத்தோருள் பெரும்பகுதியினர் தமிழர். செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்து தமிழர் வாழிடமானதும் அதனாலேயே. பிற்காலத்தில் தோட்டத்து ரப்பர் துறைமுகம் சென்றதும் ஈயத்துக்காகப் போட்ட அதே பாதையில்தான்.

சுரங்கம் என்றதும் இருண்ட குகையை எண்ணுகிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தவை பெரும்பாலும் வானம் பார்த்த குழிகள். பீய்ச்சும் நீரால் மண்மேட்டைக் கரைத்து, அச்சேற்றைக் குழாய்வழி மேலேற்றி, பாலோங் எனப்படும் சரிவான நீண்ட மரத்தொட்டியில் ஓடவிடுவர். மண் நீரோடு போகும். கனமான தாது, குறுக்குக் கட்டைகளின் பின்னே தங்கும். நம் இல்லத்தரசியர் முறத்திலும் சட்டியிலும் அரிசி அரித்துக் கல்லைப் பிரிப்பதும், ஆற்றோரத்தில் டூலாங் தட்டைச் சுழற்றிப் பெண்கள் ஈயமணலைப் பிரித்ததும் இதே தத்துவந்தான். சுங்கை பீசிக்கு அருகில் இருந்த ஹாங் ஃபாட் சுரங்கம் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் பெற்றிருந்தது. இன்று அது ஏரி. சுற்றிலும் தங்கும் விடுதிகளும் கடைத்தொகுதியும் எழுந்துள்ளன. சன்வே நகரும் பழைய ஈய நிலத்தின்மேல் எழுந்ததே.

இவ்வளவு ஈயம் தந்த பள்ளத்தாக்கிலிருந்து சேகரிப்பாளர் விரும்பும் அழகிய படிகம் கிடைப்பது அரிது. ஆற்றில் உருண்டு வந்த மணிகள் அல்லவா? விளிம்புகள் தேய்ந்து, மிளகும் உளுந்தும்போல் உருண்டுவிட்டன. முகம் தேயாத படிகம் வேண்டுமாயின், அது பிறந்த பாறையைக் குடைந்தே எடுக்க வேண்டும். அவ்வாறு ஆழக் குடைந்த சுரங்கம் நம் நாட்டில் மலைத்தொடருக்குக் கிழக்கே, பகாங் மாநிலத்தில் இருந்தது.

சுங்கை லெம்பிங்

குவாந்தானிலிருந்து உள்நாட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் சுங்கை லெம்பிங். 1906இல் அமைக்கப்பட்ட பகாங் கன்சாலிடேட்டட் என்னும் ஆங்கிலேய நிறுவனம் அங்கே மலையைக் குடைந்து தாதுக்கொடிகளைப் பின்தொடர்ந்தது. கொடி என்ற சொல் பொருத்தமானதே: வெற்றிலைக்கொடி கொம்பைப் பற்றிப் படர்வதுபோல் தாது பாறைப் பிளவைப் பற்றி நீண்டு இறங்குகின்றது. அதைத் தொடர்ந்து சென்ற சுரங்கவழிகளின் மொத்த நீளம் 300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆழம் 600 மீட்டருக்கும் மேல். பூமிக்கடியில் இயங்கிய ஈயச் சுரங்கங்களுள் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது விளங்கியது.

அந்த ஆழத்தில் வெப்பமும் ஈரமும் கடுமை. பாறையைத் துளையிட்டு வெடிவைத்து, உடைந்ததைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மின்தூக்கி வழியே மேலே அனுப்ப வேண்டும். துளையிடும்போது எழும் நுண்ணிய கல்தூள் நுரையீரலில் படிந்து, பல ஆண்டுகளுக்குப் பின்னரே நோயாக வெளிப்படும். விடியுமுன் இருளில் நெற்றிவிளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் புறப்படும் நம் தொழிலாளர்க்கு அந்த விளக்கொளி வாழ்க்கை ஓரளவு புரியும். ஆனால் நமக்கு ஏழு மணிக்கு விடிந்துவிடும், அவர்களுக்கு வேலை முடியும்வரை விடிவதில்லை.

பாறையை உடைக்கும்போது சில இடங்களில் உட்குழிந்த பொந்து திறக்கும். அதன் சுவர்களில் தேயாத, கைபடாத படிகங்கள் நிற்கும். ஆலைக்கு அவை வெறும் தாதுவே. நொறுக்கி அரைத்தால் ஒரு பிடி ஈயம். அவ்வாறு அரைபட்ட அழகிய படிகங்கள் எத்தனையோ. உலகின் எந்த ஈயச் சுரங்கத்திலும் இதுவே நிலைமை. ஒரு படிகம் தப்பிப் பிழைத்திருக்கின்றதென்றால், யாரோ ஒரு தொழிலாளி அதைப் பார்த்து, ஒரு நொடி நின்று, தனியே எடுத்து வைத்தார் என்பதே பொருள். அந்தத் தொழிலாளியின் பெயரைப் பெரும்பாலும் எவரும் குறித்து வைக்கவில்லை.

1985

1972இல் மலேசியா 76,000 டன்னுக்கு மேல் வெள்ளீயம் தோண்டியது. அது உலக உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பின்னர் வளமான நிலங்கள் வற்றத் தொடங்கின. செலவு ஏறியது. பான வகைகளை அடைக்க அலுமினியக் குவளைகள் வந்தன. பிரேசில் போன்ற நாடுகள் மலிவாக ஈயத்தைக் கொண்டுவந்தன.

அக்காலத்தில் உற்பத்தி நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்த அனைத்துலக ஈய மன்றம் ஒன்று, விலை சரியும்போது ஈயத்தை வாங்கிச் சேமித்தும், ஏறும்போது விற்றும் விலையைத் தாங்கி வந்தது. 1985 அக்டோபர் 24ஆம் நாள் அதன் கையிருப்புப் பணம் தீர்ந்தது. இலண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை நிறுத்தியது. மீண்டும் வணிகம் தொடங்கியபோது விலை ஏறத்தாழப் பாதிக்கு விழுந்தது. ரப்பர் விலை எங்கோ தொலைவில் முடிவாகி நம் சம்பளத்தைத் தொடுவதை அறிந்த வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆழச் சுரங்கத்தில் செலவு மிகுதியாதலின் சுங்கை லெம்பிங் தாங்கவில்லை, 1986இல் மூடப்பட்டது.

திறந்தவெளிக் குழியை மூடினால் அது ஏரியாகிறது. ஆழச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் எந்திரங்களை நிறுத்திவிட்டால் கீழ்த்தளங்களில் நீர் ஏறி நிற்கும். பிறகு அங்கே மனிதர் செல்வது எளிதன்று. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சவுத் குரோஃப்டி ஈயச் சுரங்கம் 1998இல் மூடப்பட்டது. தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல் 2001இல் மூடப்பட்டது. சுரங்கம் மூடிய நாளிலிருந்து அங்கே எடுத்த கற்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. இழக்கப்படுவன மட்டுமே உண்டு. சேகரிப்பாளர் அக்கற்களைத் தேடுவதன் காரணம் இதுவே.

சீட்டு இல்லாத கல்

கைதேர்ந்த சேகரிப்பாளர் ஒருவரிடம் ஈயப் படிகத்தைக் காட்டினால், அவர் முதலில் கேட்கும் கேள்வி, "இது எந்தச் சுரங்கம்?" என்பதாகும். விடை இல்லையேல் கல் எவ்வளவு அழகாயினும் அதன் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அறிவியலுக்கும் அவ்வாறே. எந்தப் பாறையில், எந்த ஆழத்தில், எந்தக் கனிமங்களோடு சேர்ந்து வளர்ந்தது என்பது தெரிந்தால்தான் அக்கல் ஒரு சான்று. தெரியாவிடில் அது கதவடைக்கும் கல்லே.

கார்ன்வாலில் வாழ்ந்த பிலிப் ராஷ்லி என்பவர் 1811இல் மறைந்தார். அவர் தம் காலத்துச் சுரங்கங்களிலிருந்து படிகங்களைச் சேர்த்ததோடு, எது எங்கிருந்து வந்தது என்று ஏட்டில் எழுதியும் வைத்தார். அவருடைய தொகுப்பின் பெரும்பகுதி ட்ரூரோ நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அச்சுரங்கங்கள் மூடி நெடுங்காலம் ஆகியும் அவற்றின் பெயர்கள் அந்த ஏட்டின்வழி வாழ்கின்றன.

நம்மிடையே நிலைமை வேறு. தந்தையோ பாட்டனாரோ இரயிலில், ஈயச் சுரங்கத்தில், அல்லது சுரங்கத்தை ஒட்டிய தோட்டத்தில் வேலை செய்தபோது கொண்டுவந்த கறுப்புக் கல் ஒன்று சாமி மாடத்தின் கீழோ அலமாரியிலோ இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்பது ஒரு முதியவரின் நினைவில் மட்டும் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபின் ஊரின் பெயரையே சொல்ல ஆளில்லாமற் போவதை நாம் கண்டிருக்கிறோம். கல்லுக்கும் அக்கதி நேர்கின்றது. இதில் காலம் தாழ்த்துவது தவறு என்பது என் கருத்து. சுரங்கம் மூடி நாற்பது ஆண்டுகளாகின்றன, அங்கே உழைத்தோர் முதுமை எய்திவிட்டனர்.

செய்ய வேண்டியது சிறிதே. கல்லின் அடிப்புறத்தில் யாரும் காணாத ஓரிடத்தில் ஒரு புள்ளி வெள்ளைச் சாயம் இட்டு, அதன்மேல் எண் எழுதுக. அதே எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதி, சுரங்கத்தின் பெயர், ஊர், மாநிலம், எடுத்த ஆண்டு, எடுத்தவர் பெயர், அவர் செய்த வேலை ஆகியவற்றைக் குறிக்க. ஆண்டு உறுதியாகத் தெரியாவிடில் "ஏறத்தாழ" என்றே எழுதுக. ஊகத்தை உறுதிபோல் எழுதுவது சீட்டில்லாத கல்லைவிடத் தீங்கானது. கல்லை நீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு கழுவினால் போதும். வார்னிஷ் பூசி மினுக்க வேண்டா.

சில எச்சரிக்கைகள்

இவ்வாறு எழுதியதைப் படித்து எவரும் மூடிய சுரங்கத்துக்குள் கல் தேடிப் புகுந்துவிடலாகாது. பழைய சுரங்கவழிகளில் தாங்குமரம் உளுத்திருக்கும். காற்றில் உயிர்வளி குறைந்திருக்கும். நீர் நிரம்பிய செங்குத்துக் குழி இருட்டில் தெரியாது. கனிமம் மாநிலத்தின் உடைமையாதலின் உரிமம் இன்றித் தோண்டுவது குற்றமுமாகும்.

ஈயத்தோடு சேர்ந்து வரும் கற்களில் வெள்ளிபோல் மின்னும் ஒன்று ஆர்சனிக் நஞ்சு அடங்கிய கல். தொட்டபின் கை கழுவ வேண்டும். குழந்தைகள் வாயில் வைக்கும்படி விடலாகாது. ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சும் அமாங் என்னும் கனத்த கரிய மணலிலும் கருத்துத் தேவை. அதில் மோனசைட் என்ற மணி கலந்திருக்கலாம்; அதிலுள்ள தோரியம் கதிரியக்கம் உடையது. பார்வைக்கு அழகாயிருக்கிறதென்று அம்மணலை வீட்டுத் தரைக்கோ, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கோ கொண்டுவரலாகாது.

எல்லாவற்றினும் கொடியது ஈயக்குட்டை. ஆற்றங்கரை மெல்லச் சரியும். ஈயக்குட்டையின் கரை இரண்டடி நடந்ததும் செங்குத்தாக இறங்கிவிடும். மேலே தெளிந்த நீர், கீழே காலைப் பற்றும் சேறு. ஓரத்து வெண்மணல் உறுதியாகத் தோன்றினும் அதன் உட்புறம் கூழ்போல் இருக்கக்கூடும். மீன் பிடிக்கச் சென்றும் குளிக்கச் சென்றும் உயிரிழந்த சிறுவர் பலர். நீந்தத் தெரிந்தவர்க்கும் அங்கே பாதுகாப்பில்லை. தோட்டத்தை அடுத்து ஈயக்குட்டை இருப்பின், பள்ளி விடுமுறை நாள்களில் பிள்ளைகள் எங்கே செல்கின்றனர் என்பதைப் பெற்றோர் கேட்டறிவது இன்றியமையாதது.

கல்லைக் காண விரும்புவோர்க்கு ஆபத்தற்ற இடங்கள் உள்ளன. சுங்கை லெம்பிங்கில் சுரங்க மேலாளர் வாழ்ந்த பழைய மாளிகை 2003 முதல் அருங்காட்சியகமாக இயங்குகின்றது. அங்கே தாதுக்கற்களையும் சுரங்கக் கருவிகளையும் காணலாம். பழைய சுரங்கவழியின் ஒரு பகுதியும் சீர்செய்யப்பட்டு, பார்வையாளர்க்குச் சிறு இரயிலுடன் திறக்கப்பட்டுள்ளது. ஈப்போவில் கனிம, புவி அறிவியல் துறையின் அருங்காட்சியகத்தில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் திரட்டிய கனிமங்கள் பெயருடனும் இடத்துடனும் வைக்கப்பட்டுள்ளன. கண்ணாடிப் பேழையின் முன் நிற்கும்போது பிள்ளைகளுக்குக் கல்லைக் காட்டுவதோடு, கீழேயுள்ள சீட்டையும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.